பதினெட்டாம் நூற்றாண்டு நாற்காலியாம்... யார் சொன்னது?

"வெனிஸ், பதினைந்தாம் லூயி, 18ஆம் நூற்றாண்டு பாணி." இப்படி ஒரு ரசீது. இதுல எந்த வார்த்தைக்கு நீங்க காசு குடுக்கறீங்க, எந்த வார்த்தை கடைக்காரரைக் காப்பாத்துதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு மேல படிங்க.

வெனிசுக்குக் காசு குடுக்கறோம். லூயிக்குக் காசு குடுக்கறோம். 18க்கு ரொம்பவே குடுக்கறோம். கடைக்காரரைக் காப்பாத்துறது அந்தக் கடைசி வார்த்தை: "பாணி". வாயால விக்கிறப்ப அந்த வார்த்தை வராது, காகிதத்துல மட்டும் வரும். வங்கியில இருபது வருஷமா மத்தவங்க எழுதின காகிதத்தைப் படிச்சே சம்பளம் வாங்குறவன் நான். அதனால இந்த மாதிரி வார்த்தை கண்ணுல பட்டா எனக்குக் கோபம் வரும். இந்தப் பதிவு முழுக்க அந்தக் கோபம்தான். நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

நம்ம ஆளுங்க நிறைய பேர் மாற்றல்ல ஊர் ஊராப் போறோம். கல்கத்தா, பம்பாய், டெல்லி மாதிரி பழைய பெரிய ஊர்கள்ல இருக்கறப்ப ஞாயித்துக்கிழமை பழைய சாமான் கடைப் பக்கம் ஒரு நடை போறது, போனஸ் வந்தா ஒரு நல்ல மேஜையோ நாற்காலியோ வாங்குறது எல்லாம் சகஜம். எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர் தம்பதி (நம்ம ஊர்க்காரங்கதான்) அப்படித்தான் ஒரு ஜோடி "வெனிஸ் கைநாற்காலி" வாங்கினாங்க. ஜோடி நாலரை லட்சம். போன வருஷம் ஊர் மாறினப்ப லாரியில ஒண்ணு முன்னங்கால் உடைஞ்சு, மெத்தையும் கிழிஞ்சு வந்து இறங்கிச்சு. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்தார். இது 19ஆம் நூற்றாண்டுக் கடைசியோ அதுக்கும் அப்புறமோ செஞ்சதுன்னு எழுதிட்டுப் போயிட்டார். கோரின தொகையில கால்வாசிகூட தேறலை. "அண்ணா, நீங்க பேங்க்ல இருக்கீங்களே, இந்தப் பேப்பரைக் கொஞ்சம் பாருங்களேன்"னு அந்தம்மா ரசீதை நீட்டினாங்க. மேல சொன்ன வரிதான் அதுல இருந்துச்சு. கடைக்காரர் மேல வழக்குப் போட வழியில்லை. அவர் எழுத்துல பொய்யே சொல்லலையே!

பாணி வேற, காலம் வேற. இது நமக்குப் புதுசு இல்லை. சுவாமிமலையில இன்னிக்கும் சோழர் பாணியில நடராஜர் வார்க்கறாங்க. அருமையான வேலை. அதைச் "சோழர் காலத்துச் சிலை"ன்னு யாராவது வித்தா நாமளே சிரிப்போம், இல்ல போலீசுக்குப் போவோம். நாற்காலின்னு வந்ததும் அந்தப் புத்தி எங்க போகுதுன்னு தெரியலை. ஐரோப்பிய சாமான்னாலே கண்ணு கொஞ்சம் கூசுது போல.

அதுலயும் இத்தாலிய கைநாற்காலி விஷயத்துல இந்தக் குழப்பம் மத்த நாட்டை விட அதிகம். காரணம் இருக்கு.

முதல்ல பேரைப் பாருங்க. வெனிஸ் 1797 வரைக்கும் தனிக் குடியரசு. நெப்போலியன் வந்துதான் அதை முடிச்சான். பதினைந்தாம் லூயி பிரான்சு ராஜா, 1715ல பட்டத்துக்கு வந்து 1774ல செத்தார். வெனிசை அவர் ஆண்டதே கிடையாது. ஆனாலும் வளைஞ்ச காலும் சிப்பி, பூ செதுக்கலும் இருந்தா இத்தாலிக்காரங்களே "லூயிஜி குயின்திச்சி" (அதாவது பதினைந்தாம் லூயி) என்பாங்க. கால் நேரா, கீழே போகப் போக ஒல்லியா, நெடுக வரி வெட்டியிருந்தா அது பதினாறாம் லூயி. இந்த ராஜா பேரெல்லாம் வடிவத்துக்கு வச்ச பட்டப்பேர். ராஜா செத்த தேதியில தச்சர் உளியைக் கீழ போடலை. சின்ன ஊர்ப் பட்டறைகள்ல பழைய வடிவம் இன்னும் பல வருஷம் ஓடிச்சு. அப்புறம் நூறு வருஷம் கழிச்சு அதே வடிவம் புது ஃபேஷனாத் திரும்பி வந்துச்சு. ரெண்டுக்கும் ஒரே பேர். இதுல தேதி எங்கேருந்து வரும்?

இதை விட வேடிக்கை தாந்தே நாற்காலி. ரெண்டு ஜோடிக் கால் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போய், மேலே கையா வளைஞ்சு, நடுவுல தோலோ வெல்வெட்டோ தொட்டில் மாதிரி கட்டியிருக்கும். இது "தாந்தெஸ்கா". இதே வடிவத்துல ஒல்லி ஒல்லியா நிறைய சட்டம் வரிசையாக் குறுக்கே போய், மடக்குற மாதிரி இருந்தா "சவனரோலா". பேரைக் கேட்டா என்ன நினைப்போம்? கவிஞர் தாந்தே இதுல உக்காந்துதான் காவியம் எழுதினார்னு. தாந்தே செத்தது 1321ல. இந்த வகை நாற்காலிகள் பதினைந்தாம் நூற்றாண்டுக் கடைசி, பதினாறாம் நூற்றாண்டுச் சரக்கு. சவனரோலா பாதிரியாரை ஃபுளோரன்ஸ் சதுக்கத்துல தூக்குல போட்டு எரிச்சது 1498ல, அதனால அவராவது காலத்துக்குக் கொஞ்சம் பக்கத்துல வர்றார். ஆனா ரெண்டு பேருமே 19ஆம் நூற்றாண்டுல வச்சது.

ஏன் அப்ப வச்சாங்க? 1861ல இத்தாலி ஒரே நாடாச்சு. அதுவரைக்கும் துண்டு துண்டா இருந்த ஊர்களுக்கு "நாம எல்லாரும் ஒண்ணு"ன்னு காட்ட ஒரு பொதுப் பழங்காலம் வேணும். மறுமலர்ச்சிக் காலம் கைக்கு அடக்கமா இருந்துச்சு. அதே 1861ல ஃபுளோரன்ஸ்ல முதல் தேசியக் கண்காட்சி. 1865ல தாந்தேயோட 600ஆவது பிறந்த வருஷக் கொண்டாட்டம். அந்த வருஷமே தலைநகரமும் ஃபுளோரன்சுக்கு வந்துச்சு, 1871 வரைக்கும் அங்கதான். வசதியான வீட்டுக்கெல்லாம் மறுமலர்ச்சி நாற்காலி தேவைப்பட்டுச்சு. பழசு எத்தனை வீட்டுக்குத்தான் வரும்? பட்டறைகள் செஞ்சு தள்ளிச்சு. வால்நட் மரம், ஆழமான செதுக்கல், சிங்க முகம், கறுப்பா ஒரு பாலிஷ். இன்னிக்கு ஏல அறிவிப்புகள்ல "மறுமலர்ச்சி"ன்னு வர்ற பெரிய கைநாற்காலிகள்ல கணிசமானது இந்தக் காலத்து வேலை. இத்தாலியிலேயே இதுக்கு நேர்மையா ஒரு பேர் வச்சிருக்காங்க: "உம்பெர்த்தினோ". முதலாம் உம்பெர்த்தோ ராஜா காலம், 1878லேருந்து 1900 வரை. அந்தப் பேரைப் போட்டு வித்தா யார் வேண்டாம்கறாங்க? ஆனா அதுக்கு விலை குறைவு. அதான் மேட்டர்.

வியாபாரிகள் பங்கையும் சொல்லணும். ஃபுளோரன்ஸ்ல ஸ்தெஃபானோ பார்தீனின்னு ஒரு பெரிய வியாபாரி, 1922ல செத்தார். ஐரோப்பா, அமெரிக்காவுல இருக்கிற பெரிய மியூசியங்களுக்கு எல்லாம் சரக்கு அனுப்பினவர். அவர்கிட்ட வேலை பார்த்த எலியா வோல்ப்பி 1904ல தவன்சாத்தி மாளிகையை வாங்கி, பழுது பார்த்து, பழைய ஃபுளோரன்ஸ் வீடு எப்படி இருந்திருக்கும்னு காட்டுற மாதிரி அறை அறையா சாமான் நிரப்பி 1910ல திறந்தார். பார்க்க மியூசியம். ஆனா 1916ல அந்தச் சாமானை எல்லாம் நியூயார்க் கொண்டு போய் ஏலம் விட்டுட்டார். காட்சிக் கூடம்கறது கடையோட ஷோரூம்தான்னு அப்பத் தெரிஞ்சுது! அமெரிக்கப் பணக்காரங்க வீடுகள்ல இத்தாலிய மறுமலர்ச்சி மோகம் உச்சத்துக்குப் போக அந்த ஏலமும் ஒரு காரணம். தேவை ஏறினா சரக்கும் ஏறும். நானூறு வருஷப் பழசு மட்டும் எப்படி தேவைக்கேத்த மாதிரி உற்பத்தியாகும்னு எந்த பி.காம். பையனும் கேட்பான். ஒரு நாற்காலியோட ரெண்டு காலும் இன்னொண்ணோட முதுகும் சேர்ந்து மூணாவதா ஒண்ணு பிறக்கும், அவ்வளவுதான்.

இதுல பணத்தை விட எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு.

வெனிஸ்ல கா ரெத்சோனிக்கோன்னு ஒரு அரண்மனை, 1936லேருந்து மியூசியம். அங்க ஆந்திரேயா புருஸ்தொலோன் (1662-1732) வெனியர் குடும்பத்துக்காகச் செதுக்கின நாற்காலிகள் இருக்கு. கை வைக்கிற இடம் மரக்கிளை மாதிரி முறுக்கிக்கிட்டுப் போகும், குட்டிக் குட்டி உருவங்கள் அதைத் தாங்கி நிக்கும். உக்கார்றதுக்கு உதவுமான்னு கேட்காதீங்க, அது சிற்பம். நூத்தைம்பது வருஷம் கழிச்சு அதே மலைநாட்டுப் பக்கத்துலேருந்து வந்தவர் வலெந்தீனோ பஞ்சியேரா பெசரேல் (1829-1902). புருஸ்தொலோன் வழியில செதுக்கி, சர்வதேசக் கண்காட்சிகள்ல பரிசு வாங்கி, ராஜ குடும்பங்களுக்கு வேலை செஞ்சவர். ஃபுளோரன்ஸ்ல லூயிஜி ஃபுருல்லீனி (1839-1897). அமெரிக்காவுல நியூபோர்ட்ல "ஷாத்தோ சுர் மேர்" மாளிகையோட நூலக அறையும் சாப்பாட்டு அறையும் அவர் கை வேலை. இவங்க யாரையும் ஏமாத்தலை. தன் பேர்ல, தன் காலத்துல, தன் விலைக்குச் செஞ்சாங்க. அப்படிப்பட்டவங்க பட்டறையிலேருந்து வந்த நாற்காலியை "17ஆம் நூற்றாண்டு"ன்னு வித்தா வாங்கினவன் பணம் மட்டுமா போகுது? செஞ்சவன் பேரும் போகுது. அவன் வேலை எவ்வளவு நல்லா இருக்கோ அவ்வளவு சீக்கிரம் அவன் பேர் அழியும்.

(அதே காலத்துல பழசைத் திரும்பிப் பார்க்காம நாற்காலி செஞ்ச இத்தாலியரும் உண்டு. கார்லோ புகாட்டி, 1902 தூரின் கண்காட்சியில ஆட்டுத் தோல், கன்றுத் தோல் மாதிரி பதப்படுத்தின தோல் போர்த்தி, நாகப் பாம்பு எழுந்து நிக்கிற மாதிரி ஒரு நாற்காலி வச்சார். கார் கம்பெனி புகாட்டியோட அப்பா இவர்தான்.)

காப்பி அடிக்கிறதே பாவம்னு நான் சொல்லலை. பதினெட்டாம் நூற்றாண்டு வெனிசே காப்பிதான். சீனத்து லாக்கர் வேணும், காசு இல்லை. என்ன பண்ணினாங்க? பஸ்ஸானோ ஊர் ரெமொந்தீனி அச்சகத்துப் படங்களை வாங்கி, வெட்டி, வர்ணம் தீட்டி, மரத்துல ஒட்டி, மேல மேல வார்னிஷ் அடிச்சாங்க. "ஏழை லாக்கர்"னே அதுக்குப் பேர். தங்க ரேக்குக்குக் காசு இல்லைன்னா வெள்ளி ரேக்கு ஒட்டி மஞ்சள் வார்னிஷ் பூசித் தங்கமாக் காட்டினாங்க, அதுக்கு "மெக்கா"ன்னு பேர். எல்லாமே பாவலாதான், ஆனா அந்தக் காலத்துப் பாவலா. தேதி பொய் இல்லை.

சரி, தேதியை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? "பார்த்தாலே தெரியும் சார்"னு கடைக்காரர் சொல்வார். முகப்பைப் பார்த்தா பாணி தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

எங்க வங்கியில நகைக் கடனுக்கு மதிப்பீட்டாளர் வர்றார். நகையோட முன்பக்கத்தைப் பார்த்து "ஆஹா, பாட்டி காலத்து அட்டிகை"ன்னு சொல்லிக்கிட்டு உக்காந்தா அவரை வேலைக்கு வைப்போமா? திருப்பிப் போட்டு, பின்னாடி ஒரு ஓரத்தை உரைகல்லுல தேய்ச்சு, ஆசிட் விட்டுப் பார்ப்பார். நாற்காலிக்கும் அதே முறைதான். குப்புறக் கவுத்துங்க. அலங்காரம் பண்ணினவன் அங்க வரைக்கும் மெனக்கெட்டிருக்க மாட்டான்.

டாக்டர் வீட்டு உடைஞ்ச நாற்காலியை நான் அப்படித்தான் பார்த்தேன். கிழிஞ்ச மெத்தைக்குள்ள சுருள் ஸ்பிரிங். நாற்காலி மெத்தைக்குள்ள சுருள் ஸ்பிரிங் போடுறதுக்குக் காப்புரிமைகள் வந்ததே வியன்னாவுல 1822, லண்டன்ல 1828ன்னுதான் ஆரம்பிக்குது. ஆனா "ஸ்பிரிங் அப்புறம் போட்டதா இருக்கலாமே?"ன்னு கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி, பழைய நாற்காலிக்கும் பின்னால ஸ்பிரிங் போடறதுண்டு. அதுக்குத்தான் ஆணித் துளையைப் பார்க்கணும். ஸ்பிரிங் இல்லாத காலத்துல உட்காரும் சட்டத்தோட மேல்பக்கத்துல நாடா இழுத்து ஆணி அடிச்சு, அது மேல குதிரை முடி திணிப்பாங்க. ஸ்பிரிங் நாற்காலியில சுருள் நிக்க இடம் வேணும், அதனால நாடா சட்டத்தோட அடிப்பக்கத்துல இருக்கும். பழைய நாற்காலிக்குப் பிற்பாடு ஸ்பிரிங் போட்டிருந்தா மேலயும் பழைய துளை இருக்கணும், கீழயும் புதுத் துளை இருக்கணும். நூத்தைம்பது, இருநூறு வருஷத்துல மெத்தைத் துணி பல தடவை மாறியிருக்கும், சட்டத்து மேல்விளிம்பு சல்லடை மாதிரி ஆயிருக்கும். இவங்க நாற்காலியில மேல்பக்கம் நாடா அடிச்ச அடையாளமே இல்லை. பிறக்கும்போதே ஸ்பிரிங்கோட பிறந்தது அது.

மூலையில ஒரு ஸ்க்ரூ. முனை கூரா, மரை ஒரே சீரா. மிஷின்ல செஞ்ச கூர்முனை ஸ்க்ரூ பரவினது 1840கள் கடைசிக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி கையால அராவினது முனை மழுங்கலா இருக்கும், தலையில வெட்டின கோடு நடுவுல இருக்காது. பழுது பார்க்கும்போது போட்டிருக்கலாமா? போட்டிருக்கலாம். அப்படின்னா அதே இடத்துல பழைய இணைப்போட தடயம் வேணும். இல்லை. சட்டத்தோட உள்பக்கத்துல ரம்பம் அறுத்த தடம் வில் மாதிரி வளைவு வளைவா. கை ரம்பம் நேர் கோடு போடும், வட்ட ரம்பம்தான் வில் போடும். அது மரப் பட்டறைகள்ல பரவினது 19ஆம் நூற்றாண்டுல.

இந்தச் சாட்சிகள் ஒவ்வொண்ணும் "இதுக்கு முன்னாடி இல்லை"ன்னு மட்டும்தான் சொல்லும். நம்ம ரூபா நோட்டு மாதிரி. நோட்டுப் பின்பக்கம் அச்சடிச்ச வருஷம் போட ஆரம்பிச்சது 2005ல. வருஷம் போட்டிருந்தா 2005க்கு முந்தினது இல்லைன்னு உறுதி. வருஷம் இல்லைங்கறதுக்காக அது நல்ல நோட்டுன்னு யாரும் கவுண்டர்ல வாங்கிப் போட மாட்டாங்க. நாற்காலியில ஸ்பிரிங், மிஷின் ஸ்க்ரூ, வில் தடம் மூணும் இல்லைன்னா உடனே 18ஆம் நூற்றாண்டுன்னு குதிக்க வேண்டாம். தெரிஞ்ச கள்ளன் அதையெல்லாம் தவிர்த்திருப்பான்.

அவன் மாட்டிக்கிற இடம் வேற. பழைய மரம் வாங்கி அறுத்துப் புது நாற்காலி செய்வான். மரவண்டு உளுத்த மரத்துல புழு உள்ளேயே வளைஞ்சு வளைஞ்சு தின்னும், வண்டாகி வெளியே வர்ற வாசல் மட்டும் மேல்பரப்புல சின்ன வட்டத் துளையாத் தெரியும். துளைக்குப் பதிலா மேல்பரப்புல நீளமா ஓடைகள் திறந்து கிடந்தா, புழு தின்ன அப்புறம்தான் அந்த மரத்தை அறுத்திருக்காங்கன்னு அர்த்தம். துளை எல்லாம் ஊசி விட்டா நேரா இறங்குதுன்னா அது துளைக்கருவி போட்ட துளை. கடைசல் பிடிச்ச காலை அளந்து பாருங்க. மரம் குறுக்குவாட்டுலதான் சுருங்கும், நீளவாட்டுல அனேகமாச் சுருங்காது. அதனால பழைய உருண்டை உருண்டையாவே இருக்காது, லேசா முட்டை வடிவமாயிருக்கும். எங்க தேய்மானம் இருக்குன்னு பாருங்க. கை நுனியிலயும் முன் விளிம்புலயும் இருந்தா மனுஷன் உக்காந்து தேஞ்சது. எல்லா இடத்துலயும் சமமா இருந்தா உப்புத்தாள் தேய்ச்சது.

பிரான்சு நாற்காலிக்கு இன்னொரு உதவி உண்டு. பாரிஸ் தச்சர் சங்கம் 1743ல விதி போட்டு 1751லேருந்து அமல்படுத்தினதால, செஞ்சவர் தன் பேரை முத்திரையாக் குத்தணும். இத்தாலியில பொதுவா அப்படி வழக்கம் இல்லை. அங்க நாற்காலி ஊமை. அதனால வேற இடத்துல சாட்சி தேடணும், முக்கியமா ஓவியத்துல. ரஃபேல் 1511-12ல வரைஞ்ச இரண்டாம் ஜூலியஸ் போப் படம் லண்டன் நேஷனல் கேலரியில இருக்கு. நாற்காலி முதுகுக் கம்பத்து உச்சியில ஓக் மரக் கொட்டை, ஏன்னா அவர் குடும்பப் பேர் தெல்லா ரோவெரே, ஓக் மரம் அவங்க சின்னம். 1518ல அதே ரஃபேல் வரைஞ்ச பத்தாம் லியோ படத்துல கம்பத்து உச்சியில பளபளன்னு ஒரு குண்டு, அதுல ஜன்னல் பிரதிபலிக்கும். மெதிச்சி குடும்பச் சின்னம் குண்டு. 1650 வாக்குல வெலாஸ்கெஸ் ரோம்ல வரைஞ்ச பத்தாம் இன்னொசென்ட் படத்துல சிவப்பு வெல்வெட், தங்கம் பூசின பெரிய உச்சிக் குமிழ். தேதி போட்ட படத்துல இருக்கிற நாற்காலி, அந்தத் தேதிக்குள்ள அந்த வடிவம் வந்துடுச்சுன்னு காட்டும். ஆனா அதே ஓவியத்தைப் பார்த்துத்தான் 1880லயும் செஞ்சாங்க. அதனால ஓவியம் பார்த்துட்டு மறுபடி குப்புறக் கவுத்தணும், வேற வழியில்லை.

"கார்பன் டேட்டிங் சர்டிபிகேட் இருக்கு"ன்னு யாராவது ஆரம்பிச்சா உஷாராகுங்க. அது மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லும், நாற்காலி செஞ்ச காலத்தை இல்லை. போதாக்குறைக்கு 1650க்கு அப்புறமான காலத்துக்கு அந்த முறையில ஒரே அளவீட்டுக்கு ரெண்டு மூணு காலகட்டம் விடையா வரும். 1750ஆ 1880ஆன்னு கேட்டா முழிக்கும்.

"பெரிய எக்ஸ்பர்ட் பார்த்துச் சொன்னார்"ங்கறதும் எனக்குப் போதாது. பிரான்சுல நடந்ததைப் பாருங்க. 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு நாற்காலிக்கு உலகத்துலேயே பெரிய நிபுணர்னு பேர் வாங்கின பில் பாலோ, அதைப் பத்திப் பெரிய புத்தகமே எழுதினவர், ஒரு மரச் சிற்பியோட சேர்ந்து போலி நாற்காலிகள் செஞ்சு, அது வெர்சாய் அரண்மனை வரைக்கும் போய் உக்காந்துச்சு. 2016ல விஷயம் வெடிச்சு, 2025 ஜூன்ல நீதிமன்றம் ரெண்டு பேரையும் குற்றவாளின்னு தீர்ப்பு சொல்லிச்சு. சான்றிதழ் குடுக்க வேண்டியவரே சரக்கும் செஞ்சா என்ன ஆகும்? எங்க தொழில்ல கடன் கேட்கறவரே மதிப்பீட்டு அறிக்கையும் எழுதறதுக்குச் சமம். வெர்சாய்க்கே இந்தக் கதின்னா, டாக்டர் தம்பதி எந்த மூலைக்கு?

"ஆண்டிக்"ங்கற வார்த்தையையும் கொஞ்சம் உரசணும். அது ஏதோ கலை வார்த்தைன்னு நினைக்கறோம். நடைமுறையில சுங்க இலாகா வார்த்தை. அமெரிக்காவுல 1930 சட்டப்படி 1830க்கு முன்னாடி செஞ்சதுதான் ஆண்டிக், வரி கிடையாது. 1966ல அதை நூறு வருஷம்னு மாத்தினாங்க. ஒரே கையெழுத்துல 1850 நாற்காலி எல்லாம் ஆண்டிக் ஆயிடுச்சு! நம்ம 1972 தொல்பொருள் சட்டமும் நூறு வருஷம்தான் சொல்லுது. சுங்கத்துல நூறு தாண்டினா 9706, தாண்டலைன்னா சாதாரண நாற்காலி 9401. இதுல 2022ல ஒரு நல்ல காரியம் நடந்துச்சு: 9706ஐ ரெண்டாப் பிரிச்சு, 250 வருஷம் தாண்டினது தனி, மத்தது தனின்னு ஆக்கிட்டாங்க. 2025லேருந்து 250ஐக் கழிச்சா 1775. பதினைந்தாம் லூயி செத்தது 1774. நிஜமா அவர் காலத்து நாற்காலின்னா முதல் பெட்டி, 1890ல அந்தப் பாணியில செஞ்சதுன்னா ரெண்டாவது பெட்டி. வெளிநாட்டுலேருந்து நேரா வந்த சரக்குன்னு கடைக்காரர் சொன்னா, எந்தக் குறியீட்டுல சுங்கத்துல காட்டினீங்கன்னு கேளுங்க. "18ஆம் நூற்றாண்டு"ன்னு நம்மகிட்ட சொன்னவர் அங்க 9401ன்னு எழுதியிருந்தா சிரிச்சுட்டு எழுந்து வந்துடலாம்.

போன வாரம் இதைப் பத்தி ஆபீஸ்ல பேசினப்ப ஒரு நண்பர், "என்ன சார், அழகா இருக்கு, உக்காந்தா சுகமா இருக்கு, தேதி எதுக்கு?"ன்னார். எனக்கு ஆட்சேபணையே இல்லை. அழகுக்கு வாங்குங்க, அழகுக்கு உண்டான விலையைக் குடுங்க. 1890 நாற்காலி நல்ல நாற்காலி, இன்னிக்குச் சட்டப்படியே ஆண்டிக். ஆனா ரசீதுல விலை போடுறப்ப 1750ஐச் சேர்த்துக்கிட்டு, நஷ்ட ஈடு கேட்கிறப்ப "அழகுக்குத்தானே வாங்கினீங்க"ன்னா எப்படி?

நம்ம மேலயும் கொஞ்சம் தப்பு இருக்கு. நம்ம வீடுகள்ல எந்தப் பழைய சாமானும் "இருநூறு வருஷத்து"தான். தாத்தா வீட்டு ஊஞ்சல் இருநூறு வருஷம், வெங்கலப் பானை இருநூறு வருஷம், ஊறுகாய் ஜாடிகூட இருநூறு வருஷம் :-) தாத்தாவோட அப்பாவுக்கு யார் வாங்கிக் குடுத்தாங்கன்னு கேட்டா தெரியாது. இப்படிப் பழகின காதுக்குக் கடைக்காரர் சொல்ற "18ஆம் நூற்றாண்டு" இனிக்கத்தான் செய்யும்.

வாங்கப் போறவங்க பணம் குடுக்கறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட ஒரே ஒரு வரி எழுதி வாங்குங்க: "இந்த நாற்காலி இன்ன வருஷத்திலிருந்து இன்ன வருஷத்துக்குள் செய்யப்பட்டது, தவறானால் பணம் திருப்பித் தரப்படும்." பாணி, மரபு, சாயல், வழி, ராஜா பேர், கவிஞர் பேர் எதுவும் அதுல இருக்கக் கூடாது. எழுதிக் குடுக்கறவர்கிட்ட வாங்குங்க. தயங்கறார்னா, அவர் மனசுல இருக்கிற தேதி என்னன்னு தெரிஞ்சு போச்சு, அந்தத் தேதிக்கு உண்டான விலையைக் கேளுங்க.

பி.கு: கல்யாண ரிசப்ஷன்ல வரிசையாப் போடுற தங்கக் கலர் ஒல்லி நாற்காலி பார்த்திருப்பீங்க. அதுக்குக் கை கிடையாது, அதனால இந்தப் பதிவுல இடம் இல்லை. ஆனா அதுவும் இத்தாலிதான். ஜெனோவா பக்கம் கியாவரி ஊர்ல ஜுசெப்பே கயெத்தானோ தெஸ்கால்சி 1807ல செஞ்ச வடிவம். ஊர் பேர், ஆள் பேர், வருஷம் மூணும் தெரியும். மண்டபத்துல அதை யாரும் ஆண்டிக்னு சொல்லி வாடகையைக் கூட்டறதில்லை.

டிஸ்கி: டாக்டர் தம்பதி அனுமதியோடதான் இதை எழுதியிருக்கேன். எந்தக் கடை, எந்த ஊர்னு பின்னூட்டத்துல கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்.